கேட்டுத் தின்னி

கேட்டுத் தின்னி என்று ஒரு புதிய பிராணி இப்போது எங்கும் பெருகி வருகிறது. தட்டில் விழுந்ததைக் கேள்வி கேட்காமல் தின்கிறவர்களை உங்களுக்குத் தெரியும். எதை வைத்தாலும் நொட்டை சொல்லிவிட்டு இரண்டாம் முறையும் வாங்கித் தின்கிறவர்களையும் தெரியும். இது வேறு இனம். சோறு ஆறிக்கொண்டிருக்கும், எதிரே இருப்பவர் பாதி முடித்திருப்பார், இந்தப் பிராணி மட்டும் கைப்பேசியைத் தட்டுக்கு மேலே தூக்கிப் பிடித்து, நிழல் விழாமல் ஒரு பக்கம் சாய்ந்து, படம் எடுத்து, அதைச் செயற்கை நுண்ணறிவு எனப்படும் அந்த முகமில்லாத அறிஞருக்கு அனுப்பி, "எடை குறைக்க நினைக்கும் நான் இதைச் சாப்பிடலாமா?" என்று கேட்டுவிட்டு, பசித்த வயிறும் பக்தி நிறைந்த கண்ணுமாக உட்கார்ந்திருக்கும்.

"சாப்பிடலாம்" என்று பதில் வந்தால் சாப்பிடும். "வேண்டாம்" என்று வந்தாலும் சாப்பிடும்.

அது எப்படி என்று கேட்பீர்கள். அங்கேதான் இந்த இனத்தின் திறமை இருக்கிறது. ஒரு துண்டு கேக் சாப்பிடலாமா என்று முதலில் கேட்கும். தவிர்ப்பது நல்லது என்று பதில் வரும். சரி, சின்னத் துண்டு? அளவோடு இருந்தால் நல்லது என்று வரும். உடனே நிமிர்ந்து உட்காரும். "நாள் முழுவதும் உழைத்துக் களைத்த ஒருவர், ஆசையோடு கொடுத்தவர்களின் மனம் நோகக் கூடாதே என்ற ஒரே காரணத்துக்காக, சின்னத் துண்டு ஒன்றில் பாதியை மட்டும் சாப்பிட்டால், அவருக்குப் பெரிய கேடு வந்துவிடுமா?" கல் நெஞ்சம் படைத்த இயந்திரம்கூட இதற்கு என்ன சொல்லும்? எப்போதாவது ஒரு முறை என்றால் பரவாயில்லை என்று சொல்லும். அந்தப் 'பரவாயில்லை'யைப் பிடித்துக்கொண்டு முழுத் துண்டும் உள்ளே போகும். யோசனை கேட்கிறவர்கள் ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொள்வார்கள். இவர்கள் கேட்பது விடுதலை. கிடைக்கும்வரை வாய்தா வாங்குவார்கள்.

இதையெல்லாம் நான் தூரத்தில் நின்று பார்த்து எழுதவில்லை. என் அக்கா கல்யாணம் செய்துகொண்டிருப்பதே இதில் ஒன்றைத்தான்.

அத்தான் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். நீங்களும் நானும் லிஃப்டுக்கு உள்ளே நின்று போகிறோம், அவர் அதன் கூரைமேல் நின்று போகிறவர். லிஃப்ட் ஏறி இறங்கும் இருட்டுக் குழாய்க்குள், இடுப்பில் பெல்ட்டும் நெற்றியில் விளக்குமாக, கம்பிக் கயிற்றைத் தடவிப் பார்ப்பார், தண்டவாளத்துக்கு எண்ணெய் போடுவார். யாராவது உள்ளே மாட்டிக்கொண்டு அலறினால், கூரைக்கு மேலிருந்து, "பயப்படாதீங்க, நான் வந்துட்டேன்" என்று அவர் குரல் கேட்கும். அழுகிற குழந்தைகூட நிறுத்திவிடும் என்று அவருடைய உதவியாளர் சொல்வார். அந்த உதவியாளருக்கு உடம்பு வாகுக்கு ஏற்பக் குச்சி என்று பெயர். அத்தானுக்கு அந்த மாதிரிப் பெயர் எதுவும் யாரும் வைக்கவில்லை. வைத்திருந்தாலும் அவர் காதில் விழும்படி சொல்லவில்லை.

ஒரு நாள் ஒரு குடியிருப்பில் லிஃப்டைப் பழுது பார்த்து முடித்து, குடியிருப்பவர்களோடு அவரும் கடைசி ஆளாக ஏறினார். மணி அடித்தது. இத்தனை எடை தாங்காது, ஒருவர் இறங்குங்கள் என்று அடிக்கிற மணி. "சென்சார் கோளாறு" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். மணி நின்றது. ஏறினார். அடித்தது. மூலையில் காய்கறிப் பையோடு நின்ற அம்மாள், "நீங்க இறங்கினா சென்சார் சரியாயிடுதுங்க" என்றார்.

இதையாவது சிரித்து மறந்திருக்கலாம். அந்த வாரமே கம்பெனியில் புதுப் பாதுகாப்பு பெல்ட்டுகள் வந்தன. நூறு கிலோவுக்கு மேல் தாங்காது என்று அதில் தைத்திருந்தது. எல்லோரையும் எடை பார்த்தார்கள். அத்தான் நூற்று ஒன்பது. அதுவரை பழைய பெல்ட் போதும், ஆனால் மூன்று மாதத்துக்குள் குறைக்காதவர்கள் மேலே ஏறக் கூடாது, புகார் அறையில் உட்கார்ந்து தொலைபேசி எடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது.

அத்தானுக்கு ஏற்கனவே ஒரு டாக்டரம்மா உண்டு. இரண்டு வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை எழுதிக் கொடுக்கிறவர். சாப்பாட்டைக் குறையுங்கள், நடங்கள் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறவர். "இதைச் சொல்றதுக்கு எதுக்கு டாக்டர், தெருவுல போறவன்கூடச் சொல்வான்" என்று அத்தானுக்கு அவர்மேல் ஒரு குறை. ஆகவே கைப்பேசியிடம் போனார். அதுவும் சாப்பாட்டைக் குறையுங்கள், நடங்கள் என்றுதான் சொன்னது. ஆனால் பாருங்கள், கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துச் சொல்லவில்லை. அடுத்த நோயாளியைக் கூப்பிட மணி அடிக்கவில்லை. எத்தனை முறை கேட்டாலும் முதல் முறை கேட்பதுபோல் பதில் சொன்னது. அத்தான் உருகிப்போனார்.

அவருடைய விரலுக்குக் கைப்பேசியின் எழுத்துகள் சிறியவை. ஒன்றைத் தொட்டால் மூன்று விழும். அதனால் எல்லாவற்றையும் வாயால் பேசினார். அதுவும் வாயால் பதில் சொன்னது. என் வீடு அதே கட்டிடத்தில் மேல் மாடி. ஒரு பிடி சோற்றுக்கு நான் தினமும் கீழே இறங்கி வருகிறவன். ஆகவே முழுப் பேச்சும் எனக்குக் கேட்டது. "வணக்கம். நேற்றுத் தாங்கள் அருளிய ஆலோசனைப்படி..." என்று ஆரம்பிப்பார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் அக்காவுக்கு ஒரு 'தாங்கள்' கிடைத்ததில்லை. அக்கா அதற்கு மகராசன் என்று பெயர் வைத்தாள். "சோறு போடட்டுமா, இல்ல உங்க மகராசன் இன்னும் உத்தரவு குடுக்கலையா?" என்று அடுக்களையிலிருந்து கேட்பாள்.

மகராசன் ஆரம்பத்திலேயே ஒழுங்காகக் கேட்டது. ஏதாவது நோய் உண்டா, மருந்து எடுத்துக்கொள்கிறீர்களா என்று. அத்தான் தயங்காமல், "இல்லை. பூரண ஆரோக்கியம்" என்றார்.

நான் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டேன். "என்ன அத்தான், சர்க்கரை மாத்திரை?"

"சொன்னா உடனே டாக்டரப் பாருங்கன்னு சொல்லிடும் மாப்ளே. அப்புறம் பேச்சு அதைவிட்டு நகராது. நமக்கு வேண்டியது எடையப் பத்தி. அத மட்டும் பேசுவோம்."

கேட்டுத் தின்னியின் அடுத்த குணம் இது. தான் பொய் சொல்வதாக ஒத்துக்கொள்ளாது. பொய்யாவது, அதுவாவது. உண்மையில் தனக்கு வேண்டிய பகுதியை மட்டும் வெட்டியெடுத்துக் கொடுக்கும். தினமும் நடக்க வேண்டும் என்றது மகராசன். "நான் தினமும் எத்தனையோ மாடிகள் ஏறி இறங்குகிறேன்" என்றார் அத்தான். எதில் ஏறி இறங்குகிறார் என்று அது கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. "மிகச் சிறப்பு, உங்கள் உழைப்பைப் பாராட்டுகிறேன்" என்று அது சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பள்ளி ஆண்டு விழாவில் பரிசு வாங்கிய பிள்ளை தோற்றுப்போகும். மாலையில் என்ன கொறிப்பீர்கள் என்று கேட்டது. "பிஸ்கட்" என்றார். ஒருமையில்.

எடை பெரிதாகக் குறையவில்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இதற்குள் குறைந்திருக்க வேண்டுமே என்று மகராசன் வியப்படைந்தது. அத்தானும் சேர்ந்து வியப்படைந்தார். இருவருமாக ஆராய்ந்து, எடை பார்க்கும் கருவி சமதளத்தில் இல்லாமல் இருக்கலாம் என்று கண்டுபிடித்தார்கள். அதைக் கூடத்திலிருந்து படுக்கையறைக்கும், படுக்கையறையிலிருந்து குளியலறைக்கும் தூக்கிக்கொண்டு அலைந்ததில் அவர் செய்த உடற்பயிற்சிதான் அந்த மாதத்தில் அவர் செய்த மொத்த உடற்பயிற்சி.

மூன்றாவது மாதம் பிறந்ததும் விளையாட்டு மாறியது. எடை மூன்றே கிலோ இறங்கி நூற்று ஆறில் நின்றது. அத்தான் அக்காவின் கேலியைக் கேட்டுச் சிரிப்பதை நிறுத்திவிட்டார். ஒரு வேளை மட்டும் சாப்பிட்டால் சீக்கிரம் குறையுமா என்று மகராசனிடம் கேட்டார். சிலருக்கு உதவலாம், ஆனால் சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது, ஆபத்து என்று அது தெளிவாகச் சொன்னது. "எனக்குத்தான் ஒன்றும் இல்லையே" என்றார் அத்தான். சொல்லிவிட்டுக் காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒன்றும் சாப்பிடாமல் வேலைக்குக் கிளம்பினார். அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், அவருக்கு முன்னால் கிளம்புகிறவள். கட்டிக் கொடுத்த சாப்பாடு அலுவலகத்துக் காவல்காரருக்குப் போனது அவளுக்கும் எனக்கும் அப்போது தெரியாது.

சில நாள் தாங்கியது. ஒரு முற்பகல், உயரமான அலுவலகக் கட்டிடம் ஒன்றின் மோட்டார் அறையில், லிஃப்டின் கூரைமேல் இறங்குவதற்காகப் பழைய பெல்ட்டைப் போட்டுக்கொண்டிருந்தவருக்குக் கொக்கி மாட்ட வரவில்லை. கை நடுங்கியது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் நின்ற குச்சியை யாரோ என்பதுபோலப் பார்த்தார். குச்சிக்கு என்ன தோன்றியதோ, பெல்ட்டைப் பிடித்து இழுத்துத் தரையில் உட்காரவைத்து, தன் குடுவையில் இருந்த தேநீரில் சர்க்கரையைக் கொட்டி வாயில் ஊற்றினார். ஒரு வாய், இன்னொரு வாய். கொஞ்ச நேரத்தில் அத்தான், "என்னடா இவ்வளவு இனிப்பு" என்றார். நல்லவேளை, அதைக் கேட்க அவர் இருந்தார். குச்சி அவரை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து வீட்டில் விட்டுவிட்டு, சாப்பாடு தினமும் காவல்காரருக்குப் போவதையும் சேர்த்து அக்காவுக்கும் போன் செய்து சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா பாதிப் பள்ளியில் வந்தாள். சோறு போட்டாள். மகராசனைக் கேட்காமல் சாப்பிட்டார். அவள் பாத்திரம் கழுவப் போனாள். நான் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அத்தான் மெல்லக் கைப்பேசியை எடுத்து, குரலைத் தாழ்த்தினார். அந்தக் குரல் எவ்வளவு தாழ்ந்தாலும் மூன்று மாடிக்குக் கேட்கும், தொழில் அப்படி.

"வணக்கம். இன்று வேலையிடத்தில் லேசாகக் கை நடுங்கி வியர்த்தது. கொழுப்பு கரைவதன் அறிகுறியா?"

"இது ரத்தத்தில் சர்க்கரை மிகவும் குறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம்" என்றது அது. "சர்க்கரை நோய்க்கு மாத்திரை ஏதேனும் எடுத்துக்கொள்கிறீர்களா?"

"இல்லை" என்றார் அத்தான்.

அடுக்களையில் குழாய் நின்றது. அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். வருகிற வழியில் அலமாரியிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டாள்.

"குடுங்க அத."

"இது என்னோட போன்."

"இதுவும் உங்களோட மாத்திரைதான்" என்று அட்டையை அவர் மடியில் போட்டுவிட்டுக் கைப்பேசியை வாங்கிக்கொண்டாள். வகுப்பில் கடைசி வரிசைக்குக் கேட்கிற குரலில் பேச ஆரம்பித்தாள். "நான் அவரோட சம்சாரம் பேசறேன். இதுவரைக்கும் அவர் சொன்னதையெல்லாம் ஒரு ஓரமா வை. இவர் ரெண்டு வருஷமாச் சர்க்கரைக்கு மாத்திரை போடறார். போட்டுக்கிட்டுப் பட்டினி கிடந்திருக்கார். மாடி ஏறி இறங்கறது லிஃப்ட்ல. நடக்கறது இந்தக் கதவுலேருந்து வண்டி நிக்கற இடம் வரைக்கும். பிஸ்கட்டுன்னு சொன்னாரில்ல, அது ஒரு பொட்டலம். ஸ்பேனர் வைக்கற பைக்குள்ள இருக்கு."

"அது உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அத்தான்.

"ஸ்பேனர்ல எறும்பு வராது."

மகராசன் பதற்றமில்லாமல் பதில் சொன்னது. உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்றது. பட்டினியை உடனே நிறுத்துங்கள், சாப்பிட்டிருந்தாலும் சர்க்கரை மறுபடி இறங்கலாம், தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள், இனிப்பாக ஏதாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்றது.

அத்தான் என்னைப் பார்த்தார். "பாத்தியா மாப்ளே, ஒரு நிமிஷத்துல அவ பக்கம் சாஞ்சிடுச்சு."

"கணக்கையே தப்பா எழுதிக் குடுத்தா, போடறவன் என்ன பண்ணுவான்?" என்றாள் அக்கா. "விடை நீங்க எழுதிக் குடுத்ததுக்குத்தான் வரும்." அதோடு நிறுத்தியிருந்தால் வழக்கமான சண்டை. அவள் உட்கார்ந்தாள். குரல் இறங்கிவிட்டது. "பெல்ட்டு போடும்போது ஆச்சு. இறங்கினப்புறம் ஆகியிருந்தா, நான் யாரக் கேக்கறது?"

அத்தான் மடியிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு, "அந்தப் புகார் ரூம்ல என்னால உக்கார முடியாதும்மா" என்றார். "உள்ள மாட்டிக்கிட்டவங்களுக்கு மேல ஒரு ஆள் வந்து நிக்கறது தெரியணும். அது ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்ச வேலை. அதுவும் போச்சுன்னா நான் யாரு, வெறும் குண்டன்."

"இத அதுகிட்டச் சொன்னீங்களா?"

"இதப் போய் எப்படிச் சொல்றது?"

"என்கிட்ட?"

அவள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். "கெளம்புங்க, டாக்டரம்மா அஞ்சு மணிக்கு மேல இருக்க மாட்டாங்க."

நானும் கூடப் போனேன். டாக்டரம்மா விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "தினமும் நடக்கறீங்களா?" என்று கேட்டார்.

"நடக்கறேன்" என்றார் அத்தான். அக்கா திரும்பிப் பார்த்தாள். "நடக்கணும்னு நினைக்கறேன்" என்று திருத்திக்கொண்டார்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். நடந்ததை அக்கா சொல்லச் சொல்ல, கண்ணாடிக்கு மேலாகப் பார்க்காமல் அதைக் கழற்றிவிட்டே கேட்டார். "போன்கிட்டக் கேட்டதுல தப்பில்ல" என்றார். "பாவம், அதுக்கு உங்களத் தெரியாது. இத்தனை நாளா எனக்கும் தெரியாதுபோல." மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். பிறகு அத்தானுக்கு மிகவும் பிடிக்காத அதே இரண்டு விஷயங்களை, இந்த முறை எத்தனை மணிக்கு, எந்தத் தெருவில், எந்தத் தட்டில் என்றுவரை பேசி முடிவு செய்து அனுப்பினார். கேட்டதை மறக்காமலிருக்க மகராசனையும் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதியும் கொடுத்தார்.

கெடு முடிந்த அன்று அத்தான் நூற்று மூன்று. விதி விதிதான். புகார் அறையில் உட்காரவைத்தார்கள். முதல் நாள் முழுக்க உம்மென்று இருந்தாராம். இரண்டாம் நாள், லிஃப்டில் தனியாக மாட்டிக்கொண்ட ஒரு பெண் உள்ளேயிருந்து பேசினாள். மூச்சு முட்டுகிறது என்று அழுதாள். குச்சி அங்கே போய்ச் சேர நேரமாகும். அத்தான், "காத்து வர்ற வழி இருக்கும்மா, கதவுக்கு மேல பாருங்க, சின்ன இடுக்கு தெரியுதா" என்று ஆரம்பித்து, அவள் எங்கே வேலை பார்க்கிறாள், என்ன சமைத்துவிட்டு வந்தாள், கதவு திறந்ததும் முதலில் யாருக்குப் போன் செய்யப் போகிறாள் என்று பேசிக்கொண்டே இருந்தார். கதவு திறக்கும்போது அவள் சிரித்துக்கொண்டிருந்தாளாம். அன்று வீட்டுக்கு வந்து இதை அக்காவிடம்தான் முதலில் சொன்னார். தட்டு முன்னால் இருந்தது, கைப்பேசி சட்டைப் பையில் இருந்தது.

சாயங்காலங்களில் இருவரும் நடக்கிறார்கள். அக்காவுக்கு வேகம் அதிகம், அவர் பின்னால் ஓடுகிறார். மகராசனிடம் இப்போதும் பேசுகிறார், ஆனால் பிஸ்கட் பன்மைக்கு வந்துவிட்டது. "இன்று நான்கு பிஸ்கட் தின்றேன். தாங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம், தெரிந்துகொள்ளுங்கள்" என்கிறார். எடை இறங்க அவசரப்படவில்லை. ஒரு கிலோ போகும், அரைக் கிலோ திரும்பி வரும். பெல்ட்டுக்குள் அவர் மறுபடி நுழைந்தபோது அந்த வருஷம் ஏறக்குறைய முடிந்திருந்தது. குச்சி கொக்கியை மாட்டிவிட்டு, "இப்ப சரியா இருக்குண்ணே" என்றாராம். இரண்டு பேரும் இருட்டுக்குள் இறங்கினார்கள். வாரத்தில் இரண்டு நாள் அவராகவே கேட்டுப் புகார் அறையில் உட்காருகிறார்.

அப்படியானால் அத்தான் இந்த இனத்திலிருந்து விலகிவிட்டார் என்று நினைத்தேன். போன வாரம் கீழே இறங்கி வந்தபோது, உள்ளே அந்தத் தாழ்ந்த குரல் கேட்டது. "வணக்கம். மனைவியின் தம்பி மேல் மாடியில் இருந்துகொண்டு, தினமும் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்துவிடுகிறார். பெருந்தன்மையும் இரக்க குணமும் கொண்ட ஒருவர், யாருடைய மனமும் நோகாமல், இதை எப்படி நாகரிகமாகத் தடுக்கலாம்?" மனம்விட்டுப் பேசிவிடுங்கள் என்றது மகராசன். அவர் பேசவில்லை. நான் அன்றைக்கு இரண்டாம் முறையும் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

நீங்கள் இதுவரை சிரித்துக்கொண்டு வந்திருப்பீர்கள். உங்கள் எடை அளவாக இருக்கலாம், கைப்பேசியைப் பேசுவதற்கு மட்டும் பயன்படுத்துகிறவராக இருக்கலாம். ஆனால் மூன்று டாக்டர் சொன்னதை விட்டுவிட்டு நாலாவது டாக்டர் சொன்னதை மட்டும் நம்புகிறவர் யார்? துணிக்கடையில், விற்கிறவரிடமே, "இது எனக்கு எடுப்பா இருக்கா?" என்று கேட்கிறவர் யார்? வேலையை விடுவதா வேண்டாமா என்று, ஏற்கனவே வேலையை விட்டுவிட்ட நண்பனிடம் போய்க் கேட்கிறவர் யார்? நான் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. இதைப் படித்து முடித்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் திரும்பி, "நான் அப்படி இல்லையே?" என்று கேட்கப் போகிறீர்கள். தாராளமாகக் கேளுங்கள். அந்த 'இல்லையே'யை மட்டும் எடுத்துவிட்டு, 'நான் அப்படியா?' என்று கேட்க முடிகிறதா என்று பாருங்கள்.